ஒருவரே எல்லாரையும் வெட்டிச் சாய்த்தால் கில்டு நடக்காது

வோர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் உங்கள் கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) ஒருவர் மட்டும் எப்போதும் "வெட்டினேன், உன் கை துண்டாகி விழுந்தது" என்றே எழுதுகிறார், மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், அவரைக் கில்டிலிருந்து தூக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பாத்திரமேற்று ஆடுவதன் முதல் விதியையே அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முயற்சியை மட்டும்தான் நாம் எழுத வேண்டும், "கையைக் குறிவைத்து வாளை வீசுகிறான்" என்பதோடு நிறுத்த வேண்டும், பட்டதா தப்பியதா என்பது எதிராளி எழுத வேண்டியது. ஒத்துவரவில்லையா, பகடை உருட்டுவது போன்ற ரோல் கட்டளை இருக்கிறதே: 1 முதல் 100 வரை ஓர் எண் விழும், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தெரியும், யாருக்கு அதிகமோ அவர் சொல்வதுதான் நடந்தது.

இதைக் கில்டு சாட்டில் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள், மானப் பிரச்சினையாகிவிடும். டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் தனியாகப் பேசுங்கள்.

அப்புறம், சிங்கப்பூர் நேரப்படி ஞாயிறு இரவு 9 மணிக்கா கதை வைக்கிறீர்கள்? என்எஸ்ஸில் (கட்டாயத் தேசிய சேவையில்) இருக்கும் உங்கள் இரண்டு கில்டு ஆபீசர்களும் அந்த நேரத்தில் பெரும்பாலும் முகாமுக்குத் திரும்பி புக்-இன் பண்ணப் போய்க்கொண்டிருப்பார்கள், சிட்னிக்காரர்களுக்கோ அது இரவு 11, அங்கே கோடைக்கால நேரம் வந்தால் நள்ளிரவு. கேட்க ஆளில்லாத இடத்தில் அவர் ஆட்டம் போடாமல் என்ன செய்வார்? சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மாற்றுங்கள்.

இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை என்றால் சரி, தூக்கிவிடுங்கள். அதற்கு முன்னால் கில்டு பேங்க்கில் (கில்டின் பொதுப் பெட்டகத்தில்) பொருள் எடுக்கும் உரிமை அவருடைய ரேங்குக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.