ஹைலக்ஸ் பின் ஷாஃப்டில் 'டொக்' சத்தம்

வணக்கம் அண்ணே. ஹைலக்ஸ் பிக்கப்பை உலு லங்காட் ஆற்றில் இறக்கி ஏற்றிய பிறகு கீச்சுச் சத்தம், கியரை டி-யிலிருந்து ஆர் (ரிவர்ஸ்) போட்டால் 'டொக்' என்கிறீர்கள். கியர்பாக்ஸை இறக்கச் சொன்ன போர்மேனை (மெக்கானிக்கை) கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டில் மடங்கும் இணைப்புதான் யுனிவர்சல் ஜாயின்ட்; அதில் தண்ணீர் புகுந்து ஊசி பேரிங் (ஊசி போன்ற சிறு உருளைகள்) காய்ந்திருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஜாயின்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டு ஆடினால் அதுதான்.

கழற்றும் முன் பிளேஞ்ச் (போல்ட் போடும் தட்டு), யோக் (சிலுவையைப் பிடிக்கும் கவை), ஸ்லிப் ஜாயின்ட் (நீண்டு சுருங்கும் பல் இணைப்பு) எல்லாவற்றிலும் பெயின்ட் கோடு போடுங்கள். ஒரு பல் மாறினாலும் அதிர்வு வரும். சர்க்லிப்பை (பூட்டு வளையத்தை) எடுத்து, வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து, ஊசிகள் இருக்கும் கப்பைத் தள்ளுங்கள். சுத்தியலால் அடித்தால் யோக் காது வளையும்.

புதுக் கப்பை ஏற்றும்போதுதான் வினை. ஓர் ஊசி சாய்ந்து அடியில் விழுந்தால் சர்க்லிப் அதன் பள்ளத்துக்குள் உட்காராது. அழுத்தாதீர்கள், கழற்றி ஊசியைக் கிரீஸில் ஒட்டி நிறுத்துங்கள். சர்க்லிப் இரு பக்கமும் ஒரே தடிமன், சிலுவையின் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் நான்கு சீலிலும் கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள்.

ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள், கிழிந்திருந்தால் வண்டி கிளம்பும்போதே உதறும்.