சேசிஸ் எண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோடு வாசகர்: எங்கள் காரின் முன்கண்ணாடி ஓரத்தில் சேசிஸ் எண் (வண்டியின் உடற்சட்டத்தில் பொறிக்கும் அடையாள எண்) இல்லை. வேறு எங்கே தேடுவது?

எல்லாக் கார்களிலும் அது கண்ணாடி ஓரத்தில் இருப்பதில்லை. சில கார்களில், பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்புறமுள்ள தடுப்புத் தகட்டில் தெரியும். வேறு சிலவற்றில் முன் இருக்கைக்கு அடியில், தரைவிரிப்பின் மடிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் இடம் குறிக்கப்பட்டிருக்கும். கதவுத் தூணில் உள்ள ஒட்டுத்தாளை எவரும் உரித்து மாற்றிவிட முடியும் என்பதால், இரும்பில் பொறித்த, எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த 17 குறிகளையே மூலமாகக் கொள்ளுங்கள்.

ஓசூர் வாசகர்: பெங்களூரில் பதிவான பழைய கார் ஒன்றை வாங்கப் பேசி வைத்திருக்கிறேன். வண்டியில் பூஜ்யம் உள்ள இடத்தில் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் இந்த எண்ணில் அறவே பயன்படுத்தப்படுவதில்லை. ஆகவே உங்கள் ஆர்.சி.யில் இருப்பது தட்டச்சுப் பிழையாகவே இருக்கக்கூடும். ஆனாலும் அதை விற்பவரே தம் பெயரில் வண்டி இருக்கும்போதே திருத்தித் தர வேண்டும், ஏனெனில் பதிவு மாற்றத்தின்போது எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள், ஓரெழுத்து மாறினாலும் கோப்பு நின்றுவிடும். மற்ற எழுத்துகளில் வேறுபாடு இருந்தாலோ, எண்ணைச் சுற்றி அரத்தால் ராவிய தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தாலோ, விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: இங்கே தயாரான ஹூண்டாய் கார்கள் பெரும்பாலும் எம்.ஏ.எல். என்றும், டாடா கார்கள் எம்.ஏ.டி. (MAT) என்றும் தொடங்கும்.

எண் சரியாக இருந்தால், படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற்றுத் தரச் சொல்லுங்கள். வங்கிக் கடன் இருந்தால் அது நீக்கப்பட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். வேறு மாநிலப் பதிவெண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஓசூரில் மறுபதிவு செய்தால் டி.என். 70 வரிசையில் எண் கிடைக்கும்.

பென்னாகரம் வாசகர்: 2020 மாடல் என்று சொல்லி விற்கிறார்கள். சரிபார்க்க முடியுமா?

பல நிறுவனங்களின் எண்ணில் பத்தாவது எழுத்து ஆண்டைக் காட்டும். 'கே' என்றால் 2019, 'எல்' என்றால் 2020. எல்லா நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். பதிவான தேதி வேறு, தயாரான தேதி வேறு.

ஊத்தங்கரை வாசகர்: துருவேறி எண் மங்கிவிட்டது. பட்டறையில் புதிதாக அடிக்கலாமா?

கூடாது. போக்குவரத்து அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அடித்தால், நேர்மையாக வாங்கிய வண்டியும் திருட்டு வண்டியாகச் சந்தேகிக்கப்படும். உப்புத்தாள் போடாமல், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே ஓர் அச்சு எடுத்து ஆர்.சி.யோடு பத்திரப்படுத்துங்கள்.