முட்டம் பங்களாவில் உப்புப் பூக்கும் சுவர்

சிமெண்ட் பூச்சை முழுசாக உடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்புங்கள். ஹோட்டலாக்கப்போகும் பழைய பங்களாவில், போன வருடம் பூசிய சிமெண்ட் கடல் பக்கம் மட்டும் வெள்ளை பூத்து உதிர்வதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே இன்னொரு கோட் பெயிண்ட் அடித்தால் காசுதான் வீண்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. கடற்காற்றின் உப்பு உள்ளேயே படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. கொத்தனார் கடல்மணல் கலந்தாரா என்றும் விசாரியுங்கள்.

உடைக்கும் முன் ஒரு சோதனை. ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக்காற்றின் ஈரம்; அப்போது ஜன்னல்களைப் பாருங்கள்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ் போதும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பது பழைய வழக்கம். நம்மூரில் கருப்பட்டிக்கா பஞ்சம்! மேலே எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பால் வெள்ளையடித்தால் போதும்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். அதனால் இரண்டும் ஓய்ந்தபின் ஜனவரியில் தொடங்குங்கள். ஒன்று மட்டும்: மெட்ராஸ் டெரஸ் கூரையின் (உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய பழைய தட்டைக் கூரை) இரும்பு உத்தரத்தை ஒட்டி நீளமான விரிசல் இருந்தால் அது துரு. முதலில் கட்டமைப்புப் பொறியாளர், அப்புறம்தான் பூச்சு.