“வேற கலரே கெடைக்கலையா மாமா?”

மதிப்பிற்குரிய மேடம்,

பொள்ளாச்சிப் பக்கம் தாத்தா கட்டிய, நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டில் இருக்கிறோம். இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டலாம் என்று அப்பா சொன்னபோது கூடாது என்று முதலில் நின்றவள் என் மனைவிதான். அவள் இன்டீரியர் டிசைன் படித்தவள். நான் கோவையில் ஐடி வேலையில் இருந்தேன். வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வதை இரண்டு பேருமாக வீடியோ எடுத்து யூடியூபில் போட ஆரம்பித்தோம். சுவரில் இருந்த சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினோம். ஆசாரத்துக்கு, அதாவது கூடத்துக்கு, தரைக்கல் வாங்க ஆத்தங்குடிக்கே போய், கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி ஒவ்வொரு கல்லாகக் கையால் வார்ப்பதைப் படம்பிடித்தோம். ஜனங்கள் ஆசையாகப் பார்த்தார்கள். நான் வேலையை விட்டேன். இப்போது எங்களுக்குச் சோறு போடுவது இந்தச் சேனல்தான்.

அவள் இப்போது ஐந்தாம் மாதம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இந்த நல்ல செய்தியையும் சேனலின் புதுத் தோற்றத்தையும் ஒன்றாக அறிவிக்கலாம் என்பது என் ஆசை. புது முகப்புப் படம், புது எழுத்து, புது அறிமுக இசை என்று போன வருஷத்திலிருந்தே இரவு இரவாக உட்கார்ந்து செய்துவருகிறேன். அவளோ எதற்கும் பிடிகொடுப்பதில்லை. எதைக் காட்டினாலும் “உங்க இஷ்டமுங்க மாமா” என்பாள். ஒரு கதவுப் பிடிக்குக்கூட நாள் கணக்காக யோசித்தவள் அவள். இப்போது திரையை நிமிர்ந்து பார்ப்பதுகூடக் கிடையாது. முகப்பைக் காட்டியபோது மட்டும் வாய் திறந்தாள்: “வேற கலரே கெடைக்கலையா மாமா?”

அது எனக்கு ரொம்ப வலித்தது மேடம். இந்தத் தோற்றத்துக்கான யோசனையே, தொட்டியை ஒட்டிய சின்ன அறைக்கு மஞ்சள் அடித்த வீடியோவிலிருந்து வந்ததுதான். எங்கள் சேனலில் இதுவரை அதிகம் பேர் பார்த்தது அதுதான். ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் திரும்பிச் சிரிப்பாள். அந்தப் படத்தைத்தான் முகப்பில் வைத்திருக்கிறேன், எழுத்துக்கும் அதே மஞ்சள். (அது போன வருஷம் முதல் குழந்தை தங்காமல் போன அந்த வாரத்தில் எடுத்தது. பெயின்ட் கம்பெனிக்கு முன்னமே தேதி கொடுத்திருந்தோம், அவளும் சரி என்றாள். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?) ஆனால் பாருங்கள், ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தும் என்று மஞ்சளைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். இப்போது எனக்கு ரசனை இல்லாத மாதிரிப் பேசினால் எப்படி?

ஸ்கேனுக்குப் போனால் ஃபோனைக்கூட வெளியே எடுக்க விடுவதில்லை. குழந்தைக்கு அறை தயாராவதை ஒரு தொடராகப் போடலாம் என்றேன். மறுநாள் அந்த அறைக்குள் மிச்ச ஓடுகளையும் அரிசி மூட்டையையும் அடுக்கிவைத்துவிட்டாள். அத்தை ஏழாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைப்பதாகச் சொன்னபோதும், வீடியோ எடுக்கக் கூடாது என்று இவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். “அக்காவை ஏன் காணோம்” என்று சேனல் பார்ப்பவர்கள் தினமும் கேட்கிறார்கள். என் அம்மாவோடும் அவள் முன்போல் பேசுவதில்லை. அம்மா போன வருஷம் “சுண்ணாம்பு, பெயின்ட்டுன்னு நின்னுட்டே இருந்தா எப்படித் தங்கும்” என்று ஏதோ சொன்னார்தான், ஆனால் அம்மா மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவர் இல்லை.

நான் செய்வதெல்லாம் அவளுக்காகவும் வரப்போகிற குழந்தைக்காகவும்தான். அது அவளுக்குப் புரியவில்லை. விளம்பரம் தருகிற கம்பெனி தேதி கேட்கிறது. அவளிடம் சொல்லாமல் வெளியிட்டுவிடு, வாழ்த்துகள் குவிவதைப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்கிறான் நண்பன். அவளுக்குச் சேனல் அலுத்துவிட்டதா, என் மேல் கோபமா, கர்ப்ப காலத்தில் இப்படி இருப்பது சகஜம்தானா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். எத்தனை வாழ்த்து குவிந்தாலும் அது சரியாகாது. உங்கள் மனைவியின் உடலுக்குள் இருக்கும் குழந்தையைப் பற்றிய செய்தியை எப்போது, யாரிடம் சொல்வது என்பதில் அவருடைய சம்மதம் இல்லாமல் நீங்கள் ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது. பிரான்ஸில் 2024இல் கொண்டுவந்த ஒரு சட்டம், பிள்ளையின் படம் வெளியே போகும் விஷயத்தில் தாய், தகப்பன் இருவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான் இது.

நீங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி நிறம், தேதி, கம்பெனி பற்றியது. அவற்றைப் பிறகு பார்ப்போம். முகப்புப் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், அடைப்புக்குறிக்குள் ஒன்றைச் சொல்லிவிட்டு, “ஆனால் பாருங்கள்” என்று நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அப்படி நகர முடியவில்லை.

ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தும் என்று ஒரு பெண் சுவருக்கு நிறம் தேடினால், அந்த அறை யாருக்காக என்று கேட்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தை தங்காமல் போன அதே வாரத்தில், அதே அறையில், அதே மஞ்சளை, தன் கையாலேயே சுவரில் அடித்துக்கொண்டு அவர் கேமராவுக்குச் சிரித்திருக்கிறார். உலகம் அதைப் பார்த்து ரசித்தது. உங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான் என்கிறீர்கள். இப்போது அந்தச் சிரிப்பையே முகப்பில் வைத்து, அந்த நிறத்தையே எழுத்துக்கும் கொடுத்து, இன்னொரு குழந்தையின் செய்தியை அதன் கீழே எழுதப்போகிறேன் என்று அவரிடம் காட்டியிருக்கிறீர்கள். அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் உங்கள் ரசனையைப் பற்றியது இல்லை தம்பி. அதைவிட மென்மையாக ஒருவர் தன் வேதனையைச் சொல்ல முடியாது.

“அவளும் சரி என்றாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லியிருப்பார். சம்பளம் வரும் வேலையை நீங்கள் விட்டாயிற்று, கம்பெனிக்குத் தேதியும் கொடுத்தாயிற்று. அந்த நிலையில் முடியாது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது? உடம்பில் ஒரு கரு கலைந்த வாரம் அது. வேலையை நிறுத்துவோம் என்று சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள். இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை.

உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. புதுத் தோற்றத்தைப் போன வருஷத்திலிருந்தே, இரவு இரவாகச் செய்கிறேன் என்கிறீர்கள். இத்தனை வீடியோ எடுத்திருக்கிறீர்கள், ஆத்தங்குடி இருக்கிறது, ஆசாரம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டு அந்த ஒரு வாரத்தின் காட்சியைத்தான் திரும்பத் திரும்பத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வாரத்தைத் தாண்டி நீங்களும் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. அந்தப் படம் உங்களுக்கு, எவ்வளவோ நடந்தும் நாங்கள் சமாளித்துவிட்டோம் என்பதற்குச் சாட்சி. அவருக்கோ அன்று தான் தனியாக நின்றதற்குச் சாட்சி. இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பார்ப்பதை மற்றவர் அறியாமல் இருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் துக்கத்தைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த கென்னத் டோக்கா என்பவர், வெளியே சொல்லவும் அழவும் சமூகம் அனுமதி தராத இழப்புகளைப் பற்றி 1980களின் இறுதியில் எழுதினார். வயிற்றிலேயே போன குழந்தை அந்த வகையைச் சேர்ந்தது. பெயர் கிடையாது, படம் கிடையாது, காரியம் கிடையாது. “அடுத்தது நல்லபடியா வரும்” என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். அப்பாவிடம் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். டோக்காவும் டெர்ரி மார்ட்டினும் பின்னாளில் இன்னொன்றையும் விளக்கினார்கள்: சிலர் அழுது, பேசி ஆறுகிறார்கள், சிலர் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் வழியாக ஆறுகிறார்கள். இரண்டுமே துக்கம்தான். நீங்கள் இரண்டாவது வகை. ஆனால் உங்கள் ஆறுதலுக்கு எடுத்துக்கொண்ட வேலை, அவருடைய காயத்தின் மேலேயே நடக்கிறது.

ஸ்கேன் அறையில் ஃபோன் வேண்டாம் என்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு கருவை இழந்தபின் மறுபடி கருவுறும் பெண்களுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தேதான் வரும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் துடிப்பு கேட்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பார்கள். பலர் பிறக்கும்வரை ஒரு சட்டைகூட வாங்க மாட்டார்கள், ஊருக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால், ஏதாவது ஆகிவிட்டால், அத்தனை பேருக்கும் மறுபடி சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். உங்கள் வீட்டில் “அத்தனை பேர்” என்றால் எவ்வளவு பேர் என்று யோசித்துப் பாருங்கள். அறைக்குள் அரிசி மூட்டையை அடுக்கியது அடம் இல்லை. அந்த அறையை இன்னொரு முறை குழந்தைக்கென்று தயார்செய்ய அவருக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அம்மா சொன்னதைப் பற்றி. அவர் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவராக இருக்கலாம். கேட்டவர் வைத்துக்கொண்டிருக்கிறாரே. தன் கையாலேயே குழந்தையைப் போக்கிக்கொண்டோமோ என்ற சந்தேகத்தோடு ஒரு பெண் அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரையும் பார்த்துக்கொண்டிருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை! உறுதியான கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள். அப்படிக் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோமில் நேரும் கோளாறு. அதைத் தாயின் ஓய்வோ வேலையோ மாற்றாது. நின்று வேலை செய்ததால்தான் போனது என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. இதை உங்கள் மகப்பேறு மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும். அடுத்த முறை போகும்போது நீங்களே கேள்வியாகக் கேளுங்கள். அம்மாவிடமும் நீங்கள்தான் பேச வேண்டும், மருமகள் பேசக் கூடாது. “அன்னிக்கு அப்படிச் சொன்னது அவளுக்குத் தங்கியிருக்கும்மா” என்று சொன்னாலே போதும்.

எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். புரியவைக்க அவருக்கு ஒன்றும் பாக்கி இல்லை. முகப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள், அதற்குப் பதிலாக எதையும் கேட்காதீர்கள். அந்த மஞ்சள் வீடியோவைச் சேனலில் வைப்பதா எடுப்பதா என்பதை அவர் முடிவுக்கு விடுங்கள். அதனால் எவ்வளவு வருமானம் போனாலும் சரி. பிறகு ஒருநாள், கேமரா, லேப்டாப், அம்மா, அத்தை யாரும் அருகில் இல்லாதபோது, “அந்த வாரம் உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டால் கோபத்தைக் கேளுங்கள். “நானும் பாவம்தான்” என்று நடுவில் நுழையாதீர்கள். உங்கள் துக்கத்துக்கும் முறை வரும், அவரே கேட்பார். கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். இழந்தது உங்களுக்கும் பிள்ளைதான்.

கட்டுச்சோறு விருந்து அவர் விரும்பியபடி, வீடியோ இல்லாமலே நடக்கட்டும். அறை இப்போதைக்கு மூட்டைகளோடேயே இருக்கலாம், பிறந்த குழந்தை முதல் மாதங்களில் எப்படியும் தாயோடுதான் படுக்கும். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். அவர் தூங்காமல் இருக்கிறாரா, சாப்பாடு இறங்கவில்லையா, காரணமில்லாமல் அழுகிறாரா, நான் எதற்கு இருக்கிறேன் என்பதுபோல் பேசுகிறாரா? இதில் எதைக் கண்டாலும் கர்ப்பத்தில் சகஜம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற, டெலி மானஸ் எனப்படும் அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். இரவு இரவாகத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் நீங்களும் அந்த எண்ணைக் கூப்பிடலாம்.

கம்பெனி தேதி கேட்கிறது என்றீர்கள். தள்ளிவைக்கச் சொல்லி இன்றைக்கே எழுதிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் குடும்ப விஷயம் என்றால் போதும். கர்ப்பத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அதை அவர்களுக்குச் சொல்லலாமா என்பதையும் முதலில் உங்கள் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.