வெளிநாட்டிலிருந்து வரும் கிறிஸ்தவ ஊழியப் பங்காளியை வீட்டில் தங்கவைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். சபைக்கு உதவும் நோர்வே போதகர் ஒருவர் இரண்டு தடவை எங்களோடு தங்கியிருக்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்டவர் சாப்பாடு, படுக்கை பற்றித்தான் கவலைப்படுகிறார். அது சின்ன விஷயம். நுளம்பு வலை, ஃபேன், கொதித்தாறிய தண்ணீர் இருந்தால் போதும். இடியப்பமும் சொதியும் கொடுங்கள், நண்டுக்கறியை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்வது எப்படி என்று நான் தயங்கி நிற்க, அவர் வாசலிலேயே கழற்றிவிட்டார். அவர்கள் ஊரிலும் அதுதான் வழக்கமாம்.

விசாவை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்தவரைப் பிரசங்க மேடையில் ஏற்றிவிட்டுப் பிறகு முழிக்க வேண்டாம். கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தில் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது மொழிபெயர்ப்பு. முதல் தடவை நான்தான் மொழிபெயர்த்தேன். எங்கள் ஞாயிறு பாடசாலை அப்போது கிடுகுக் கொட்டில். ஆராதனை முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் அவருடைய கையைப் பிடித்து, "இதுக்கு ஒரு தகரக் கூரை போட்டுத் தரலாமா?" என்று கேட்டார். அவர் "ஊரில் பேசிப் பார்க்கிறேன்" என்றார். எனக்கு இருந்த உற்சாகத்தில் "செய்து தருவாராம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் தட்டுகிறார்கள் என்று தெரியாமலே அவரும் சிரித்துக்கொண்டு தட்டினார்.

தகரம் வரப்போகிறதே என்று அந்த வருடம் கிடுகு மாற்றவில்லை. மார்கழி மழைக்குக் கொட்டில் முழுக்க ஒழுகியது. அந்த அம்மா என்னைக் காணும்போதெல்லாம் "மனே, வெள்ளைக்காரப் பாஸ்டர் தகரம் எப்ப அனுப்புறாராம்?" என்று கேட்பார். கேட்கக் கேட்க நான் வேறு தெருவால் போகத் தொடங்கினேன். கடைசியில் நடந்ததைப் போதகருக்கு எழுதினேன். பாவம், அவருக்குப் பெரிய சங்கடம். அவர்கள் சபையில் ஒரு குழு கூடி முடிவெடுக்காமல் ஒரு சதமும் நகராதாம்.

அடுத்த தடவை அவர் வந்திறங்கிய அன்றே பேசிக்கொண்டோம்: காசு, கட்டடம், பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று யார் கேட்டாலும் நான் மொழிபெயர்க்க மாட்டேன், சபைக் குழுவிடம் எழுதிக் கொடுக்கச் சொல்வேன். சிலருக்கு என்மேல் கோபம்தான். இருந்தாலும் மனுசர் அந்தத் தடவைதான் நிம்மதியாக இருந்து பிட்டுச் சாப்பிட்டார்.

கூட்டங்களால் நாளை நிரப்பாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதமென்றால் மதியம் படுக்க விடுங்கள். புளியந்தீவில் வில்லியம் ஓல்ட்டின் சிலையைக் காட்டுங்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, மறு வருடமே இங்கே இறந்துபோன மெதடிஸ்த மிஷனரி. எங்கள் நோர்வேக்காரர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். சீயோன் தேவாலயத்துக்குப் போக விரும்பினால் கூட்டிப் போங்கள், ஆனால் கேமராவை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்கள் வாவியின் பாடும் மீனைக் கேட்க ஆசைப்பட்டால் நிலாக் காலத்தில் தோணியில் ஏற்றிவிடுங்கள். கேட்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், இங்கேயே பிறந்த எனக்கு இன்னும் கேட்கவில்லை.

மட்டக்களப்பார் வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டல்லவா, அதை அவருக்குச் சொன்னோம். கொழும்புக்குப் புறப்படும் அன்று பாயைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். மறுகா, வழியனுப்பும்போது மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தயிர்ச் சட்டி வேண்டாம். நாங்கள் ஆசையாகக் கட்டிக்கொடுத்தது, ரயில் வெலிக்கந்தையைத் தாண்டும் முன்பே அவருடைய பைக்குள் கவிழ்ந்துவிட்டது.