ரயில் போன வழியில் சைக்கிள் போகுது: சிங்கப்பூர் பசுமைப் பாதைகள், கேள்வி பதில்

வாரத்தில் மூன்று நாள் சைக்கிள், இரண்டு நாள் நடை. பதினைந்து வருடப் பழக்கம். கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். கேட்பவர் பெயருக்குப் பதில் அவர் குடியிருக்கும் பேட்டையின் பெயர் இருக்கும். தொடங்கும் முன்பே ஒன்று: காட்டோரம் போகும் எந்தப் பாதையிலும் கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்குக்கு அது சாப்பாட்டுப் பொட்டலம்.

ஈசூன்: ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. பூங்கா இணைப்புப் பாதை என்கிறார்களே, என்ன அது? எங்கே போனாலும் பக்கத்தில் ஒரு கால்வாய் வருகிறதே, ஏன்?

நல்ல கண் தம்பி உங்களுக்கு. பூங்காக்களை ஒன்றோடொன்று கோக்கும் பாதை அது. கால்வாயைச் சுத்தம் செய்ய, பழுது பார்க்க, ஓரத்தில் நிலம் விட்டே ஆக வேண்டும். அங்கே வீடு கட்ட முடியாது. சும்மா கிடந்த அந்தத் துண்டு நிலத்தில்தான் பாதை போட்டார்கள். முதல் பாதை 1990களில் காலாங் ஆற்றோரம் வந்தது. இன்று மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல்.

நீங்கள் ஈசூன் என்பதால் முதலில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போங்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். விடிந்ததும் போனால் நீர்நாய்க் குடும்பம் கண்ணில் படலாம். படம் எடுங்கள், கிட்டே போகாதீர்கள்.

பொங்கோல்: இ-ஸ்கூட்டரில் போகலாமா?

சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்பிலும் போகலாம், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள். வண்டி பதிவாகியிருக்க வேண்டும், நீங்கள் எழுத்துத் தேர்வு தேறியிருக்க வேண்டும். நடைபாதையில் கூடாது, 2019 நவம்பரிலிருந்தே தடை.

பிடோக்: அண்ணே, ஐந்து வயதுப் பையன், துணைச்சக்கரத்தை இப்போதுதான் கழற்றினோம். எங்கே கூட்டிப் போகலாம்?

வீட்டு வாசலிலேயே ஈஸ்ட் கோஸ்ட் இருக்கிறதே அம்மா! சமதரை, கடல்காற்று, வாடகை சைக்கிள். வாரநாள் காலையில் போங்கள். ஞாயிறு மாலை அது பாதை இல்லை, சந்தை. கொஞ்சம் பழகியதும் சாங்கி விமான நிலைய இணைப்புக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு டைனோசர் பொம்மைகள் நிற்கின்றன. பையன் திரும்பி வர மாட்டான்.

குயின்ஸ்டவுன்: என் அப்பா மலாயன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் காலமாகிவிட்டார். அவர் இருந்த இடங்களை நடந்து பார்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

இந்த ஒரு கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தது வீண்போகவில்லை.

ரயில் பசுமைப் பாதை, அதாவது ரயில் நின்றபின் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்ட பழைய தடம், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். 1932இல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம், புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். பக்கத்திலேயே இரும்புப் பாலம்.

அந்த நிலையத்தின் வேலை பயணிகளை ஏற்றுவது மட்டும் இல்லை. போகவும் வரவும் ஒரே தடம் என்பதால் எதிரும் புதிருமாக வரும் இரண்டு ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். அதற்கு ஓர் உலோக டோக்கன். அது கையில் இருக்கும் ஓட்டுநர்தான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். வளையத்தில் மாட்டிய பையில் வைத்துக் கைக்குக் கை மாற்றுவார்கள். கணினிக் காலத்திலும், 2011 வரை, அப்படித்தான் நடந்தது. உங்கள் அப்பாவுக்கு அந்த வளையம் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து தெற்கே புவன விஸ்தா வழியாக தங்ளின் ஹால்ட் வரை நடந்து வாருங்கள். அந்தப் பக்கத்து ரயில்வே தமிழர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரன் இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார். நடையை அங்கே முடிப்பதுதான் பொருத்தம். கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரை விட்டது, ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். புக்கிட் தீமா நிலையத்தருகே கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பாருங்கள்.

செங்காங்: இ-ஸ்கூட்டர்...

பொங்கோலுக்குச் சொன்னதேதான்.

கிளமெண்டி: ஐயா, ரயில் பாதையில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. பின்னாலிருந்து சைக்கிள்காரர்கள் 'டிங் டிங்' என்று விரட்டுகிறார்கள். நடப்பவருக்கு மட்டும் என்று ஆக்க வேண்டும்.

மணி அடிக்காமல் உரசிக்கொண்டு போவதைவிட அடிப்பது மேல் இல்லையா?

ஜூரோங்: நான் சைக்கிள்காரன். நான்கு பேர் கைகோத்துப் பாதையை அடைத்து நடக்கிறார்கள், காதில் வேறு ஹெட்ஃபோன். மணி அடித்தாலும் கேட்காது.

கிளமெண்டி: எங்களுக்கு முதுகில் கண் இல்லை. பந்தயச் சட்டை போட்டவர்களுக்கு ரோடு இருக்கிறதே.

ஜூரோங்: மண்ணும் புல்லுமாக இருப்பதால்தான் இந்தச் சண்டை. அகலமாகத் தார் போட்டால் தீர்ந்தது.

நிறுத்துங்கள் இரண்டு பேரும். தார் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். வழவழப்பாக்கினால் வேகம் கூடும், சண்டையும் கூடும். மண் பாதையில் சைக்கிள் தானாகவே மெதுவாகப் போகிறது, அதுதான் அதன் அழகு. கிளமெண்டி ஐயா, இடப்பக்கம் ஒதுங்கி நடங்கள். ஜூரோங் தம்பி, நடப்பவரைத் தாண்டும்போது அவர் நடைக்கு இறங்குங்கள், ஒரு முறை மணி, ஒரு நன்றி. நானும் ஒரு முறை வேகமாகத் தாண்டி ஒரு பாட்டியைப் பயமுறுத்தினேன். அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் எதிரி ஒன்றுதான், அதிவேகம்.

கிளமெண்டி: பாட்டி சொன்னதுதான் சரி.

சரிதான் ஐயா.

தோ பாயோ: மெக்ரிச்சி காட்டுக்குள் சைக்கிள்?

கூடாது. நடைக்கு மட்டும்.

தெம்பனிஸ்: வெளியூர் நண்பர் வருகிறார். எம்ஆர்டியில் சைக்கிள் ஏற்றலாமா?

மடக்கும் சைக்கிள் என்றால் எந்த நேரமும். மடக்கினால் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மற்ற சைக்கிளுக்கு இடமில்லை.

பாசிர் ரிஸ்: மழை வந்தால் எங்கே ஒதுங்குவது?

இடி கேட்டதும் மரத்தடி வேண்டாம், பாலத்தடிச் சுரங்கப்பாதையோ கட்டடமோ பாருங்கள். இங்கே ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இடி இடிக்கிறது, இது விளையாட்டில்லை. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு விலகி நில்லுங்கள்.

சிம்பாங்: இ-ஸ்கூட்டருக்கு...

பொங்கோல்.

உட்லண்ட்ஸ்: நாளை புக்கிட் தீமா பக்கம் போகிறேன். நாசி லெமாக் பொட்டலத்தை எதில் கொண்டு போக?

முதுகுப்பையில், ஜிப் போட்டு. இல்லாவிட்டால் நாசி லெமாக் குரங்குக்கு, இலை உங்களுக்கு.