பசந்த் பட்டங்களும் மார்க்கமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். என் அறையில் லாகூர்க்காரர்கள் இருவர் இருக்கிறார்கள். வசந்தத்தை வரவேற்றுப் பட்டம் விடும் பசந்த் திருவிழாவுக்கு லாகூரில் மறுபடி அனுமதி கிடைத்த செய்தி வந்ததும் ஒருவருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொருவருக்குக் கடும் கோபம். "அது இந்துப் பண்டிகை. நபியைப் பழித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவனின் நினைவு நாள். முஸ்லிம் அன்றைக்குப் பட்டம் விடுவது ஹராம்" என்கிறார். நானும் முஸ்லிம்தான். சின்ன வயதில் ஊரில் காத்தாடி விட்டவன். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஹராமா, ஹலாலா என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அதை மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் உங்கள் நண்பரின் வாதத்தில் பாதி வரலாறு. அதைப் பற்றிப் பேசலாம்.

அவர் குறிப்பிடுவது ஹகீகத் ராய் என்ற சிறுவனை. சியால்கோட்டைச் சேர்ந்தவன். 1730களில் மதநிந்தனைக் குற்றச்சாட்டில் லாகூரில் கொல்லப்பட்டான். அவன் சமாதியில் பிரிவினைவரை பசந்த் அன்று மேளா நடந்ததும் உண்மை. ஆனால் பசந்த் அவனோடு தொடங்கவில்லை. டெல்லி நிஜாமுதீன் தர்காவில் இன்றும் பசந்த் கொண்டாடுகிறார்கள். சகோதரி வழிப் பிள்ளையை இழந்த துயரத்தில் இருந்த சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவைச் சிரிக்கவைக்க, அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோ மஞ்சள் உடுத்தி, கடுகுப் பூ ஏந்திப் பாடிக்கொண்டு வந்தார் என்பது அந்த தர்காவின் மரபு. குஸ்ரோ இறந்தது 1325ல். ஹகீகத் ராய்க்கு நானூறு வருடம் முந்தியவர்.

லாகூரில் மட்டும் என்ன? மாதோ லால் ஹுசைன் தர்காவில் மகாராஜா ரஞ்சித் சிங் பசந்த் மேளா நடத்தினார். 1832ல் லாகூருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ், மஞ்சள் உடுத்தி நின்ற படைகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். சீக்கிய அரசர், முஸ்லிம் சூஃபியின் அடக்கத்தலம், இந்து நாட்காட்டியின் மாக மாதப் பஞ்சமி. இதில் யாருடைய பண்டிகை என்று எதைப் பிரித்தெடுப்பது? பஞ்சாபில் கடுகு பூத்து வயல் மஞ்சளாகும் பருவம் அது. எந்த மதத்துக்காரன் விதைத்தாலும் கடுகு அப்போதுதான் பூக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் "எனக்கு இது வேண்டாம்" என்று உங்கள் நண்பர் ஒதுங்கினால் அது அவர் உரிமை. அதை யாரும் கேலி செய்யக் கூடாது. அடுத்த வீட்டு மொட்டை மாடியில் இருப்பவனின் நூலை அறுக்க மட்டும் அவருக்கு உரிமை இல்லை. ஆப்கானிஸ்தானில் தாலிபான் முதல்முறை ஆண்டபோது அதைத்தான் செய்தார்கள். காபூல் பிள்ளைகளுக்குப் பட்டமே குற்றமானது.

ஆனால் பாகிஸ்தான் கதை வேறு. அங்கே பட்டத்தை நிறுத்தியது நூல்.

பழைய 'டோர்' பருத்தி நூல். பசையில் கண்ணாடித் தூள் கலந்து தடவியது. நம் ஊர் மாஞ்சாதான். எதிரியின் பட்டத்தை அறுத்ததும் 'போ காட்டா' என்று மாடிக்கு மாடி கத்துவார்கள். ஜெயிக்கும் வெறி ஏற ஏற, அறுபடாத ரசாயன நூலும் உலோகக் கம்பியும் வந்தன. கம்பி மின்கம்பியில் விழுந்தால் ஊரே இருளும், பிடித்திருப்பவன் மேல் மின்சாரம் பாயும். தெருவுக்குக் குறுக்கே தொங்கினால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தை அறுக்கும். அப்பாவுக்கு முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த குழந்தைகள் செத்திருக்கிறார்கள். போதாததற்கு மாடியிலிருந்து வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. 2005ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இடையில் சில நாள் தளர்த்திப் பார்த்தார்கள், மறுபடி சாவு. 2007க்குப் பிறகு லாகூரில் பசந்த் இல்லாமலே போனது. பட்டம் ஒட்டியும் நூல் தீட்டியும் பிழைத்த குடும்பங்கள் வேறு வேலை தேடின.

எனக்கு ஆற்றாமை இங்கேதான். செத்த குழந்தையைக் காட்டி, "பார், இந்துப் பண்டிகைக்குக் கிடைத்த தண்டனை" என்றது ஒரு தரப்பு. நூலைப் பற்றி யார் கேட்டாலும் "முல்லா பேச்சு" என்று தள்ளியது பசந்தை நேசித்த தரப்பு. நடுவில் அந்த நூலைச் செய்தவனையும் விற்றவனையும் யாரும் உறுதியாகப் பிடிக்கவில்லை. ஒரு உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்கிறது குர்ஆன் (5:32). நூலைக் கேள்வி கேட்க அந்த ஒரு வசனமே போதுமே. அதற்கு ஹகீகத் ராய் எதற்கு?

2025 டிசம்பரில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் நூலிலிருந்துதான் தொடங்குகிறது. பருத்தி நூல் மட்டும், பதிவு செய்த வியாபாரிகள் மட்டும், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் விடக் கூடாது, மீறினால் சிறை. அதன்படிதான் 2026 பிப்ரவரியில் லாகூருக்கு மூன்று நாள் அனுமதி. எனக்கு இந்த வழி சரியாகவே படுகிறது. ஆனால் காகிதத்தில் இருக்கும் சட்டம் கம்பி நூலைத் தடுக்காது. சென்னையிலும் மாஞ்சாவுக்குத் தடை உண்டு, அதையும் மீறிக் கழுத்து அறுபட்ட செய்திகள் வரத்தான் செய்கின்றன.

உங்கள் அறையில் சந்தோஷத்தில் குதிப்பவரிடம் அவர் வீட்டுப் பையன்கள் எந்த நூல் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கோபப்படுபவரிடம் நிஜாமுதீன் தர்காவைப் பற்றிச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள் தம்பி.

அன்புடன்,
அண்ணன்